கடுகுக்குக் கிடைத்த விசாரணை

முன்னொரு காலத்துல நெடுங்கரைன்னு ஒரு நாடு இருந்துச்சு. மழைக்குக் குறைச்சல் இல்லை, நெல்லுக்குக் குறைச்சல் இல்லை, சனங்களுக்கு நிம்மதிதான் இல்லை. ஏன்னா அதை ஆண்ட ரணசூர ராசாவுக்கு மூக்குக்கு மேல கோபம். கால் பிடிச்சுவிடுற செங்கோடன் ஒருநாள் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுட்டான். "என் காலை ஒடிக்கப் பார்க்கிறான், துரோகி!"ன்னு கத்தி, அவனை யானையை விட்டு மிதிக்க வச்சுக் கொன்னுட்டார். சபையில ஒருத்தராவது வாயைத் திறக்கணுமே! மந்திரி தீர்த்தகிரியும் திறக்கலை.

அந்த மந்திரி வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்துச்சு. போருல செத்துப்போன படைத்தலைவர் ஒருத்தர் வளர்த்தது. பூட்டின வாசல்லயே கிடந்ததை மந்திரி தூக்கிட்டு வந்தார். பூனை அளவுதான் இருக்கும். வயசாகிப் பல்லு பாதி போச்சு, இடது கண்ணுல பூ விழுந்திருச்சு. பேரு கடுகு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? வந்த அன்னைக்கே மந்திரி கையைக் கடிச்சுது. மறுநாள் அவர் சம்சாரம் வடிவாம்பாள் காலைக் கடிச்சுது.

"ஊருல குட்டி நாய்க்கா பஞ்சம்? இந்தக் கிழத்தைக் கொண்டாந்து சீராட்டுறீங்களே! நான் இந்த வீட்டுல நடமாடுறதா வேண்டாமா?"ன்னு அந்தம்மா குதிச்சாங்க.

"கொஞ்சம் பொறு வடிவு. அது எப்போ கடிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்"னார் மந்திரி.

பார்க்கிறதுக்குள்ள வினை வந்திருச்சு. நெடுங்கரையில ராசா பிறந்தநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிங்க வீட்டுக்கெல்லாம் ராசாவே போய், அங்கே இருக்கிற உயிர் அத்தனைக்கும் தலையைத் தொட்டு ஆசி கொடுப்பார். மாடு, கிளி எதுவும் பாக்கி இல்லை. தலையை இழுத்துக்கிட்டாலே துரோகம். மந்திரி நாற்காலி மேல ரொம்ப நாளாக் கண்ணு வச்சிருந்த பரங்குசம்ங்கிற சபையாளு, ராசா அந்த வீட்டுக்கு வந்தப்போ, மந்திரி உள்ளறையில அடைச்சு வச்சிருந்த கடுகைத் தேடிப் பிடிச்சுட்டான்.

"மகாராசா, இந்தச் செல்லத்தை மறந்துட்டீங்களே!"

ராசா கையை நீட்டினார். கடுகு விரலைக் கவ்விருச்சு.

"வெட்டுங்கடா அதை!"

மந்திரி குறுக்கே போய் நின்னார். "மகாராசா, இது துரோகியா நோயாளியான்னு தெரியாம தண்டிக்கலாமா? வர்ற பௌர்ணமி வரைக்கும் தவணை கொடுங்க. அன்னைக்கும் கடிச்சா, அதோட தலையையும் எடுத்துக்குங்க, என் பதவியையும் எடுத்துக்குங்க."

பரங்குசத்துக்கு நாக்குல எச்சில் ஊறிருச்சு. "ஆகட்டும்"னார் ராசா.

அன்னையிலருந்து மந்திரி, கடுகுக்கு எதிரே கொஞ்சம் தள்ளிச் சும்மா உட்கார்ந்து பார்த்தார். தலையைத் தலையை உதறுது. வலது பக்கமாவே மெல்லுது. இடது காதுல சீழ் நாத்தம். அந்தப் பக்கம் கை வந்தாத்தான் கடிக்குது, அதுக்குக் கண்ணு தெரியாத பக்கமும் அதுதான். உடனே வீட்டுக்கே சட்டம் போட்டார். தூங்கும்போது தொடக்கூடாது, திங்கும்போது கிட்டப் போகக்கூடாது, குரல் கொடுத்துட்டு வலது பக்கமாத்தான் வரணும். கேழ்வரகுக் கஞ்சியைக் குழைச்சு வச்சாங்க. காதைத் துடைச்சு மருந்து போடப் போய் மந்திரி வாங்கின கடி கொஞ்சநஞ்சம் இல்லை.

"வலிக்குதுன்னு சொல்ல அதுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதானே வடிவு"ம்பார்.

சீழ் குறைஞ்சுது, கோபமும் குறைஞ்சுது. முழுசா இல்லை. இடது காதைத் தொட்டா இன்னும் உறுமும். ஆனா ஒரு சாயங்காலம் தானா வந்து வடிவாம்பாள் பாதத்துல மோவாயை வச்சுப் படுத்துச்சு. அந்தம்மா விளக்கு வைக்கக்கூட எழுந்திரிக்கலை.

பௌர்ணமியும் வந்துச்சு. மந்திரி கடுகை மார்போட அணைச்சுக்கிட்டு சபைக்கு வந்தார். அக்கம்பக்கத்துல விசாரிச்சு வச்சிருந்த பரங்குசம், "இடது காதைத் தொட்டுப் பாருங்க மகாராசா, அப்பத்தான் அதோட குணம் தெரியும்"னான்.

மந்திரி சிரிச்சார். "தொடட்டும். அதுக்கு முன்னாடி, குற்றம் சொல்றவர் ராசா பாதத்தைப் பிடிச்சு சத்தியம் பண்றதுதானே நம்ம முறை? வலது பாதத்தைக் கண்ணுல ஒத்திச் சொல்லட்டும்."

"அதுக்கென்ன!"ன்னு ஓடிப்போன பரங்குசம், பக்தியை எல்லாரும் பார்க்கட்டும்னு வலது காலை இறுக்கிப் பிடிச்சான்.

"ஐயோ!"ன்னு அலறின ராசா விட்டார் பாரு ஒரு உதை! பரங்குசத்தோட முன்பல்லு தெறிச்சு விழுந்துச்சு. "துரோகி! யானையைக் கொண்டாங்கடா!"

"மகாராசா, அவர் பக்தியாத்தானே தொட்டார்? அதுக்கா உதைச்சீங்க?"

"கால் வலிக்குதுய்யா! உசிரே போகுது!"

"கடுகுக்கும் அப்படித்தாங்க, காது."

எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு ராசா மறைச்சு வச்சிருந்த மூட்டுவலி அது. "உமக்கு யார் சொன்னது?"ன்னார்.

"இந்தக் கடுகுதான் கத்துக்கொடுத்துச்சு. வலிக்கிற இடத்தைக் காப்பாத்துற உயிர் எப்படி நடக்கும்னு இத்தனை நாள் பார்த்தேன். அப்புறம் நீங்க அரியணைப் படி ஏறினதையும் பார்த்தேன்."

ராசா முழிச்சார், அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சார். "சபாஷ்! நாய்க்கு மன்னிப்பு, கூடவே இந்தத் தங்கச் சங்கிலி. பரங்குசம், இனி கடுகுக்குத் தினமும் நீதான் கஞ்சி ஆத்தி வைக்கணும்." சபையே சிரிச்சுது.

மந்திரி மட்டும் சிரிக்கலை. "மகாராசா, செங்கோடன் பிடிச்சதும் இதே கால்தான். அன்னைக்கும் நான் இதைக் கேட்டிருக்கணும். நாய்க்குத் திறந்த வாய் மனுசனுக்குத் திறக்கலை."

ராசா முகத்தைத் திருப்பிக்கிட்டார். "சபை கலையலாம்."

மந்திரி நேரா செங்கோடன் குடிசைக்குப் போய், கடுகை இறக்கி விட்டுட்டு, அவன் பெண்சாதி மூக்காயிகிட்ட சங்கிலியை நீட்டி, நடந்ததைச் சொன்னார். அவ உலக்கையை நிறுத்திட்டு நாயைப் பார்த்தா.

"இதுக்குக் காது வலிதான்னு கண்டுபிடிக்க பௌர்ணமி வரைக்கும் தவணை கொடுத்தாங்களா சாமி?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டு ஆளுக்கு ஒரு பொழுது வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா?"

சங்கிலியை அவ தொடவே இல்லை. திரும்பவும் நெல்லைக் குத்த ஆரம்பிச்சா. மந்திரி சங்கிலியை மடியில முடிஞ்சுக்கிட்டார். அப்புறம் குரல் கொடுத்து, வலது பக்கமாக் குனிஞ்சு, கடுகைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தார்.