உயிர்மீட்பு ஓலை

ஏரிநாட்டை ஆண்ட பூதலராயருக்குப் புதுமை என்றால் உயிர். அதில் அடுத்தவர் உயிர் போனாலும் அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

அந்த நாட்டில் ஆற்றுத் துறை ஒவ்வொன்றிலும் ஒரு காவல் ஆள் உண்டு. மூழ்கியவரைக் கரையில் இழுத்துப் போட்டு, மார்பில் கைவைத்து அழுத்தி, வாயில் காற்றை ஊதி, நின்ற மூச்சைத் திருப்புவதுதான் வேலை. கரும்பாறைத் துறையில் பன்னிரண்டு வருடமாக அதைச் செய்து வந்தவள் அல்லியம்மை. ஒரு திங்கட்கிழமை அவள், அரசவையில் வாய்ச் சாதுர்யத்துக்குப் பேர்போன மருதப்பரின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"சாமி, என்னைத் துறையை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்கிட்ட உயிர்மீட்புத் தேர்ச்சி ஓலை இல்லையாம். எழுதி வாங்கிக்கலாம்னா எனக்கு எழுத்தும் தெரியாது."

மருதப்பர் விசாரித்தார். அரண்மனையின் எழுத்து வேலைகளுக்கெல்லாம் தலைவர் ஓலைநாயகம் வன்மீகநாதர். அவர் ஒரு திட்டம் கண்டுபிடித்திருந்தார். பாடத்தைப் பத்து ஓலையில் எழுதி, ஓட்டக்காரன் கையில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். பத்துக் கேள்விக்கு விடை எழுதி அனுப்பினால் மறுநாளே முத்திரை. ஆற்றைப் பார்க்க வேண்டாம். ஆளைத் தொட வேண்டாம். ஒரு வைக்கோல் பொம்மையைக்கூட அழுத்த வேண்டாம். அதுவரை முன்னூறு பேர் எழுதினார்கள். முன்னூறு பேரும் தேறினார்கள். கரும்பாறைத் துறைக்கு வரவிருந்தவர் ஓலைநாயகத்தின் தங்கை மகன். அவருக்கு ஆற்று நீர் ஆகாது, சளி பிடிக்கும்.

"வெள்ளிக்கிழமை அவரு பொறுப்பு ஏத்துக்கிறாராம் சாமி. ஆத்துல தண்ணி வேற ஏறுது. யாராச்சும் விழுந்தா அவரு என்ன செய்வாரு?"

"ஓலையைப் பிரித்து வாசிப்பார். மூழ்கினவர் கேட்டுவிட்டு எழுந்து உட்காருவார்," என்றார் மருதப்பர். "போய் வேலையைப் பாரம்மா. வியாழக்கிழமை காலையில் சபைக்கு வா."

அன்றே சபையில் அவர் ஓலைநாயகத்தை வானளாவப் புகழ்ந்தார்.

"மகாராஜா, இப்பேர்ப்பட்ட திட்டத்தை ஆற்றங்கரையோடு நிறுத்துவது அநியாயம்! அரண்மனை நாவிதர் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். அவர் இடத்துக்கு ஓலை வழியாகவே ஓர் ஆளைத் தேற்றிவிட்டால் என்ன?"

"பேஷ்!" என்றார் ராயர். "முடியுமா ஓலைநாயகரே?"

புகழ் தலைக்கேறியவருக்கு எதுதான் முடியாது? "மூன்றே நாளில் மகாராஜா! சவரம் என்ன பெரிய வித்தையா?"

சொன்னபடி பத்து ஓலை எழுதினார். நெற்களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் வேலப்பன் படித்தான். பத்துக்குப் பத்து. முத்திரையும் விழுந்தது.

வியாழக்கிழமை காலை ராயர் முக்காலியில் அமர்ந்தார். சபை சுற்றி நின்றது. வேலப்பன் கத்தியை மூட்டைக் கொக்கி போலப் பிடித்துக்கொண்டு வந்தான். கத்தி முனை ராயரின் தொண்டைக்குழியில் வந்து நின்றது.

"அப்பனே," என்றார் ராயர், தலையை அசைக்காமல். "இதுவரை எத்தனை பேருக்குச் சவரம் செய்திருக்கிறாய்?"

"தாங்கள்தான் முதல் போணி, மகாராஜா."

"கத்தியையாவது பிடித்திருக்கிறாயா?"

"கத்தி நாலாவது ஓலையில வருதுங்க. படம்கூடப் போட்டிருக்கு."

ராயர் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. "மருதப்பரே! என்னைக் கொல்லப் பார்த்தீரா?"

"ஐயோ, முத்திரையைப் பாருங்கள் மகாராஜா! பத்துக்குப் பத்து. சந்தேகம் இருந்தால் ஓலைநாயகம் முதலில் உட்காரட்டும். அவர் தேர்ச்சி கொடுத்த ஆள்தானே?"

"உட்காரும்!" என்றார் ராயர்.

வன்மீகநாதர் இரண்டடி பின்னால் போனார். "மகாராஜா, சவரம் என்பது கைப்பழக்கம். பக்கத்தில் ஓர் ஆசான் நின்று, கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். வெறும் ஓலையை நம்பிக் கழுத்தை நீட்ட முடியுமா?"

"அதைக் கேட்கத்தான் ஐயா மூன்று நாளாகக் காத்திருக்கிறேன்," என்றார் மருதப்பர். "முடி போனால் மறுவாரம் முளைக்கும். அதற்கு ஆசான் வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். ஆற்றோடு போகிற உயிருக்கு மட்டும் ஓலை போதுமா?"

ராயர் கழுத்தைத் தடவிக்கொண்டார். அரசர்களுக்கு நியாயம் விளங்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. கரும்பாறைத் துறையில் அல்லியம்மையை நீக்கிவிட்டுத் தங்கை மகனை அமர்த்தும் கதையை மருதப்பர் சொன்னதும், அவர் ஓலைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"பாடத்தை வீட்டிலேயே படிக்கட்டும், தடையில்லை. ஆனால் ஆசான் கண்முன் அழுத்தியும் ஊதியும் காட்டாதவருக்கு முத்திரையும் கிடையாது, துறைக்காவலும் கிடையாது. அல்லியம்மை அவள் இடத்திலேயே இருக்கட்டும். முன்னூறு பேரையும் அவளே சோதிக்கட்டும். முதல் ஆள் உம்முடைய தங்கை மகன்."

ஓலைநாயகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சோதிக்க அவளுக்கு என்ன தகுதி மகாராஜா? ஓர் ஓலை உண்டா அவளிடம்?"

வாசலோரம் நின்ற அல்லியம்மை கைகூப்பினாள். "ஓலை இல்லீங்க சாமி. உங்க மாமனாரு சௌக்கியமா? போன ஆடியில சுழல்ல சிக்கி, மூச்சு நின்னு கிடந்தாரு. கை ஓயுற மட்டும் அழுத்தித்தான் எழுப்பினேன்."

சபை முழுவதும் ஓலைநாயகத்தின் பக்கம் திரும்பியது.

"சௌக்கியம்தான்," என்றார் அவர், பல்லைக் கடித்தபடி. "இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்."

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதப்பருக்குப் பட்டுச் சால்வை, அல்லியம்மைக்கு முத்துமாலை. முத்துமாலையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு ஓலைநாயகத்துக்கு.