பொங்கல் வாசலில் க்யூ

இந்தக் கதைக்குள் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது கடைசியில் நிற்கிறது. இடித்துத் தள்ளாமல் வாருங்கள், உங்கள் முறை வந்ததும் கிடைக்கும்.

வெகு காலத்துக்கு முன் மாங்குளத்தூர்ச் சீமையை முத்துவிசயன் என்ற ராஜா ஆண்டார். வெள்ளிதோறும் அவர் அரண்மனை வாசலில் ஊருக்கெல்லாம் நெய்ப்பொங்கல். யார் முழங்கைக்கு வலு அதிகமோ அவருக்கே முதல் உருண்டை. விருந்துக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல் துரை அந்தத் தள்ளுமுள்ளில் தொப்பியைப் பறிகொடுத்தார். "உங்ககிட்ட எல்லாம் இருக்கு மகாராஜா. க்யூ மட்டும் இல்லை" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நம்மிடம் இல்லாத பொருளா? க்யூ என்றால் என்னய்யா?"

இங்கிலீஷ் தெரியும் என்று சபையை ஏய்த்துவந்த வாஞ்சிலிங்கம் முந்திக்கொண்டார். "பச்சைக் கல் பிரபு. அவர்கள் ராணி மூக்கில் போடுவது. மொழிபெயர்க்கும் துபாஷி வேலையை அடியேனுக்குக் கொடுங்கள், வாங்கிவருகிறேன். பாவம், மந்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?"

மந்திரி நல்லணைந்தான் மீசையைத் தடவினார். "வரும் வெள்ளி பொங்கல் வாசலுக்கு க்யூ வரும். ராஜா முன்னால் வந்து, இதுதான் என்று காட்டிவிட்டால் வேலை இவருக்கே. இல்லையென்றால் இனி சபையில் இங்கிலீஷ் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

வெள்ளிக்கிழமை வாஞ்சிலிங்கம் பட்டு உடுத்தி வந்தார். காவலன் மறித்தான். "மந்திரி உத்தரவு சாமி. முந்தி வந்தவங்க முன்னால, பிந்தி வந்தவங்க பின்னால. தள்ளினா பொங்கல் கிடையாது."

"பொங்கல் யாருக்கு வேணும்? நான் க்யூ பார்க்க வந்தேனடா."

"அதுக்கும் இப்படித்தான் சாமி."

முன்னால் நின்ற எண்ணெய்க்காரியின் தோளுக்கு மேல் எக்கினார். "ஏம்மா, பச்சையா ஏதாவது தெரியுதா?"

"எனக்கு முன்னால நிக்கிறவர் தலைப்பாகைதான் தெரியுது."

"சாமி, கொஞ்சம் நகருங்க" என்றாள் பின்னால் நின்ற பூக்காரி.

நகர்ந்தார், நின்றார், நகர்ந்தார். உச்சி வெயிலில் வாசலை அடைந்தபோது ராஜாவே கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். "க்யூவைப் பார்த்தீரா?"

"மோசடி பிரபு. க்யூவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையிலிருந்து எண்ணெய்க்காரி முதுகைத்தான் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் பூக்காரி, அவளுக்குப் பின்னால் கொல்லர், அவருக்குப் பின்னால்..."

கையை நீட்டியபடி திரும்பினார். குளத்தங்கரை வரை ஊரே ஒரே வரிசையாக நின்றது. யார் முழங்கையும் யார்மேலும் படவில்லை. நீட்டிய கை அந்தரத்திலேயே தங்கிவிட்டது.

"மேலே சொல்லும்" என்றார் ராஜா, சிரிப்பில் கரண்டி குலுங்க. "அவருக்குப் பின்னால்?"

"பிரபு," என்றார் வாஞ்சிலிங்கம், "இத்தனை நேரமும் நான் க்யூவிலா நின்றேன்?"

"தெரிஞ்சிடுச்சுல்ல," என்றாள் பூக்காரி, "நகருங்க சாமி."