ஊசியின் கீழ்ப்பாதி

“ப்ளக் நிறம் சரியாத்தானே இருக்கு. அப்புறம் ஏன்டா எஞ்சின் பிடிக்குது?” என்று கேட்டார் புருஷோத்தமன் சார்.

கேட்டது மெக்கானிக் செங்கோடனிடம். முப்பது வருடத்துக்கு முன் சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், சார் நடத்திய பௌதிகம் மண்டையில் ஏறாமல் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன் அவன். இப்போது அவனுடைய பட்டறைக்கு வெளியே சார் நின்றுகொண்டிருந்தார். காலத்துக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம்தான்.

வண்டி சாருடைய மோட்டார் சைக்கிள். எழுபத்தாறாம் வருடம், கல்யாணத்துக்கு முந்தின மாதம் வாங்கியது. ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்ந்துபோனதால், போன மாதம் அதைக் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட்டிருந்தார்கள். இனிமேல் கடைய இடமில்லை. அதுதான் கடைசி அளவு.

அப்படிச் செய்த வண்டியை ஏற்காடு மலையில் ஏற்றிப் பார்த்தார் சார். ஐந்தாவது வளைவில் இழுவை இல்லையே என்று முழுக்க முறுக்கினார். எஞ்சின் கொதித்து, பிஸ்டன் அப்படியே பிடித்துக்கொண்டது. நல்லவேளை, ஆறியதும் விட்டுவிட்டது. இன்னொரு தடவை பிடித்தால் வண்டி காயலான் கடைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கல்யாண நாள். வருடா வருடம் அந்த நாளில் அவரும் மனைவி கமலவேணியும் இதே வண்டியில் ஏற்காடு போய், ஏரிக்கரையில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். தை மாதம் கமலவேணி போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த வருடமும் போயே தீருவது என்று சார் பிடிவாதமாக இருந்தார்.

“ப்ளக்கை எங்க கழட்டிப் பார்த்தீங்க சார்?”

“வீட்டு வாசல்ல.”

“அது உங்க தெருவோட நிறங்க சார்.”

பிறகு, முழு வேகத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதுகிறதா என்று ப்ளக் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க, செய்ய வேண்டியதைச் சொன்னான். நேர் ரோட்டில் முழுக்க முறுக்க வேண்டும். முறுக்கியபடியே சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே ப்ளக்கைக் கழற்ற வேண்டும்.

வியாழக்கிழமை சார் ஒரு ப்ளக்கோடு வந்தார். அழகான காப்பித்தூள் நிறம்.

செங்கோடன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “மெதுவாப் போயிருக்கீங்க.”

வெள்ளிக்கிழமையும் அதே நிறம், அதே பதில். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தில் போட்டிருக்கிற நிறம் இதுதான் என்றார். வகுப்புக்கு வெளியே நின்றவனிடம் பாடம் கேட்க வந்தது என் தலையெழுத்து என்றும் சொல்லிப் பார்த்தார்.

செங்கோடன் சிரித்துக்கொண்டே கார்புரேட்டரைத் திறந்தான். உள்ளே தொங்கிய, பெட்ரோலை அளந்துவிடும் ஊசியை எடுத்துத் துடைத்து, சாரின் உள்ளங்கையில் வைத்தான்.

“பாருங்க சார். மேல்பாதி தேய்ஞ்சு பளபளன்னு கிடக்குது. கீழ்ப்பாதி வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்குது. முழுக்க முறுக்கினாத்தான் கீழ்ப்பாதிக்கு வேலை. இத்தனை வருசமா உங்க கையைப் பிடிச்சது யாருங்க சார்?”

சார் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பின்னாடி உக்காந்திருந்தவ.”

வேகமானி முள் நாற்பதைத் தாண்டினால் இடது தோளில் ரெண்டு தட்டு விழுமாம். வாய் திறக்க மாட்டாளாம். வீட்டில் சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களில்கூட அந்த ரெண்டு தட்டு மட்டும் தவறியதில்லையாம். போகப் போக, அவள் இல்லாமல் தனியாகப் பள்ளிக்கூடம் போகும்போதும் நாற்பதில் கை தானாகத் தளர்ந்துவிடும். இப்போதும் அப்படித்தான் தளர்கிறது என்று சார் சொன்னார்.

செங்கோடன் கையை நீட்டினான். ஊசியை வாங்கி இருந்த இடத்திலேயே பொருத்தினான். புது ப்ளக் ஒன்றை மாட்டிவிட்டு, ஸ்பேனரைச் சாரின் சட்டைப் பையில் போட்டான்.

“ஒரு பர்லாங் போதுங்க சார். கிளட்ச் மேல ரெண்டு விரல் இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை. ஓமலூர் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

நாற்பதில் தோள் காத்திருந்தது. தட்டு விழவில்லை.

ஐம்பதிலும் விழவில்லை.

அறுபதில் சார் அழுதார். காற்றின் மேல் பழியைப் போட வழியிருந்தும் போடவில்லை. கைப்பிடி கடைசி வரைக்கும் போய் நின்றது. ஒரு பர்லாங் ஆனதும் சாவியை அணைத்தார், கிளட்சைப் பிடித்தார்.

சத்தம் நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. வாங்கின நாளாக அந்த வண்டியில் அவர் ஓட்டிக்கொண்டே இப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை.

மைல்கல் ஒன்றின் பக்கத்தில் வண்டி நின்றது. அங்கேயே கழற்றினார். விரல் சுட்டது. ப்ளக் சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது.

“இதுதாங்க சார் நிறம்,” என்றான் செங்கோடன், பட்டறைக்கு வந்து சார் நீட்டிய ப்ளக்கைப் பார்த்து. “பெட்ரோல் பத்தலை. பட்டினி.”

கார்புரேட்டருக்கு அடியிலிருந்து, பெட்ரோல் பாயும் துளையுள்ள பித்தளை ஜெட்டைத் திருகி எடுத்தான். சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. வண்டி வாங்கியபோது வந்த அதே ஜெட்.

“இதுமேல தப்பு இல்லீங்க சார். இத்தனை வருசம் சரியாத்தான் ஊத்துச்சு. இப்ப உள்ள இடம் பெருசாயிருச்சு.”

பெரிய துளை உள்ள ஜெட்டைப் போட்டான். சார் மறுபடி ஓமலூர் ரோட்டுக்குப் போனார். முழுக்க முறுக்கினார், அணைத்தார், கழற்றினார். காப்பித்தூள் நிறம். இந்தத் தடவை செங்கோடன் ப்ளக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தலையாட்டினான். பழைய ஜெட் சாரின் சட்டைப் பைக்குள் போனது.

ஞாயிறு விடிந்ததும் சார் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. டேங்க் மேல் தயிர்சாதத் தூக்கு இருந்தது. பின் சீட் காலியாக இருந்தது.

“செங்கோடா, மலையில எவ்வளவு வேகத்துல போகட்டும்?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

செங்கோடன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கமாக வந்தான். சாரின் இடது தோளில் ரெண்டு தட்டு தட்டினான்.