தனியாகப் போனதற்குச் சாட்சி

கோணப்புளியூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்பது அபாண்டம். இருந்தது. தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு ஒச்சப்பன் மகள் மாயக்கா மேல் கொள்ளை ஆசை. பெண் கேட்டுப் போனவனிடம் ஒச்சப்பன் சொன்னார்:

"மார்கழிக் குளிருல தனியா மேல்மலைக் கோயிலுக்கு நடந்து போயிட்டு வா. போக வர நாலு நாள். துணைக்கு ஒரு ஆள் வந்தாலும் பொண்ணு கிடையாது. போர்வை, அரிசி எல்லாம் மூட்டையாக் கட்டிக்க. கோயில் போய்ச் சேருற வரைக்கும் மூட்டை முதுகை விட்டு இறங்கக் கூடாது, குரங்கு தூக்கிட்டுப் போயிரும்."

சடையாண்டி கவலைப்பட்டான். குளிருக்காக இல்லை. தனியாகத்தான் போனான் என்று யார் வந்து சொல்வார்கள்? ஆகவே வீரணன், தவசி, குப்பணன் மூவரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான்.

மூவரும் நியாயஸ்தர்கள். பத்தடி பின்னாலேயே நடந்தார்கள். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் மதியமே சடையாண்டி வழுக்கி ஒரு பள்ளத்தில் விழுந்தான். சாட்சிகள் மேலே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தூக்கி விடுவமா?" என்றான் தவசி.

"தூக்கினா துணை ஆயிரும்ப்பா. கல்யாணம் நின்னு போகும்" என்றான் வீரணன்.

"அப்ப விழுந்ததை மட்டும் பாத்துக்கிருவோம்" என்றான் குப்பணன்.

"நல்லாப் பாத்துக்கங்கப்பா" என்றான் பள்ளத்துக்குள்ளிருந்து சடையாண்டி. நன்றியில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருவழியாகச் சாயங்காலம் ஏறி வந்தான். பனி கொட்டியது, பல் கிட்டியது. போர்வை மூட்டைக்குள், மூட்டை முதுகில், முதுகை விட்டு இறக்கக் கூடாது. 'போர்வை இருக்கும்போதே இந்தக் குளிரு. இல்லாம வந்திருந்தா செத்திருப்பேன்' என்று நினைத்துக்கொண்டு நடுங்கினான்.

நாலாம் நாள் ஊர் திரும்பினார்கள்.

"தனியாத்தான் போனியா?" என்றார் ஒச்சப்பன்.

"ஆமா மாமா. இவங்க மூணு பேரும் சாட்சி."

"கூடவே போனோம். ஒரு ஈ காக்கா வரலை" என்றார்கள் மூவரும். ஒச்சப்பனுக்குப் பரம திருப்தி.

அப்போது வீரணன் தலையைச் சொறிந்தான். "அப்படிப் பாத்தா, மாமா, நானும் தனியாத்தான் போனேன். இவங்க மூணு பேரும் எனக்குச் சாட்சி." தவசியும் குப்பணனும் அதையே சொன்னார்கள். பெண் கை நழுவுவது சடையாண்டிக்குத் தெரிந்தது. ஆனால் நியாயத்தை எப்படி மறுப்பான்? மூவருக்கும் சாட்சி சொன்னான்.

தனியாகப் போனவர்கள் நாலு பேர், பெண் ஒன்று. ஒச்சப்பன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.

மாயக்கா வெளியே வந்தாள். முதுகில் மூட்டை கட்டியிருந்தாள். "நான் தனியாப் போய்ச் சாமிகிட்டக் கேட்டுட்டு வாரேன்ப்பா. சாட்சிக்குச் சடையாண்டி மட்டும் வந்தாப் போதும்."

சடையாண்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஒத்தைச் சாட்சி செல்லாதும்மா" என்றார் ஒச்சப்பன். ஊரும் அதுதான் சரி என்றது. மறுநாள் விடிந்ததும் மாயக்கா தனியாகப் புறப்பட்டாள். கூடவே ஊர் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஒச்சப்பனை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஊரில் ஒருத்தரும் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டுமல்லவா?