கஞ்சிமலை

“இந்தப் பேரை மாத்திடுங்க, மேடம்” என்றார் தணிகைவேலன்.

தென்துருவத்துப் பனிவெளியில், கூடாரத்துக்கு எதிரே அந்தக் கரிய சிகரம் நின்றது. வரைபடத்தில் அதன் பேர் கஞ்சிமலை. வைத்தவர் பேராசிரியர் அஞ்சலை.

“சுத்தி இருக்கிற மலைக்கெல்லாம் ராஜா பேரு, ராணி பேரு. நம்மது மட்டும் கஞ்சியா? வெளிநாட்டுக்காரன் அர்த்தம் கேட்டா எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?”

சிமெண்ட் ஆலை வேலையை உதறிவிட்டு, தலை நரைத்தபின் அஞ்சலையிடம் நிலவியல் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். கூச்சம் அதிகம்.

அஞ்சலை பூட்ஸ் கயிற்றை இறுக்கினார்.

“கல் எடுக்கப் போகணும். வாங்க.”

கல்லை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் காற்று பிடித்துக்கொண்டது. பனித்தூள் எழும்பி வானமும் தரையும் ஒன்றாயின. கூடாரம் எந்தத் திசை என்றே தெரியவில்லை.

அஞ்சலை குனிந்து, முதுகுப்பையிலிருந்த சின்ன அடுப்பை எடுத்துப் பற்றவைத்தார். அணைந்தது. தணிகைவேலன் தன் உடம்பையே மறைப்பாக வைத்துப் பார்த்தார். அப்போதும் அணைந்தது.

“மேடம், எனக்குத் தூக்கம் வருது.”

அந்தக் குளிரில் தூங்கினால் எழுந்திருக்க முடியாது. இருவர் இடுப்பையும் ஒரே கயிற்றால் கட்டி, அஞ்சலை அவரை இழுத்துக்கொண்டு நடந்தார். சரிவு ஏறுவது மட்டும் காலுக்குத் தெரிந்தது.

சட்டென்று காற்று நின்றது.

தலைக்கு மேலே அது இன்னும் ஊளையிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கஞ்சிமலையின் அடிமடியில், அந்தப் பாறை இடுக்கில், ஒரு துரும்பும் அசையவில்லை.

அடுப்பு எரிந்தது. அஞ்சலை பனியை உருக்கி, நொய்யைப் போட்டு, உப்புப் போட்டுக் காய்ச்சினார். தணிகைவேலனின் விரல்கள் மடங்கவில்லை. குவளையை அவர் உதட்டில் வைத்துப் புகட்டினார்.

முதல் மடக்கு நெஞ்சுக்குள் இறங்கியது தெரிந்தது. அப்புறம் வயிறு. அப்புறம், வலியோடு, விரல்கள்.

இரண்டாவது குவளையை அவரே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது.

“மேடம், நீங்களும் இங்கே இப்படி மாட்டியிருக்கீங்களா?”

“ஆமா.”

“அன்னைக்கு உங்களுக்கு யாரு காய்ச்சிக் கொடுத்தாங்க?”

“தனியாத்தான் இருந்தேன். காய்ச்சினது நான்.”

அஞ்சலை கையுறையைக் கழற்றி, பாறையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அடுப்பு அணையாமப் பார்த்துக்கிட்டது இவங்க.”

தணிகைவேலன் எழுந்து நின்றார். கும்பிடக் கையைத் தூக்கினார். கையில் குவளை இருந்தது.

அதோடு சேர்த்தே கும்பிட்டார்.