தக்காளிப் பாத்தியில் குங்குமம்

“உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கறேம்மா. அப்புறமும் தக்காளி ஏன் இப்படி வீணாப்போகுது?”

கேட்டவன் காத்தமுத்து. வயசு ஐம்பத்திரண்டு. மளிகைக்கடை வைத்து நொடித்து, லாரி ஓட்டி அலுத்து, கடைசியில் மடத்துக்கு வந்தவன். ஆள் மோசமில்லை. எடுத்தது எதுவும் உருப்படவில்லை, அவ்வளவுதான்.

குரு வடிவாம்பாள் அம்மையார் அவனைவிடப் பத்து வயசு சின்னவர். முதல் மாதம் அவரை “அம்மா” என்று கூப்பிடவே அவனுக்கு வாய் வரவில்லை.

மடத்தில் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். தோட்டம் அவனாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு.

“இதுவும் போச்சுன்னா ஊருக்கே போயிடறேன்.”

“தாராளமா போ. முதல்ல கையை நீட்டு.”

நீட்டினான். பத்து விரலிலும் குழைத்த குங்குமத்தைத் தடவிவிட்டார்.

“தினம் என்ன செய்வியோ அதைச் செய்.”

நேரே நோய் விழுந்த செடிகளிடம் போனான். இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாய்க் கிடந்தது. ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்தான். “சரியாயிடும்டா” என்றான். காய் நன்றாகப் பிடிக்கட்டுமென்று பக்கத் துளிரைக் கிள்ளினான். அப்படியே அடுத்த பாத்திக்குப் போய், நல்ல செடிகளிலும் கிள்ளினான்.

முடித்துத் திரும்பிப் பார்த்தான்.

நோய்ச்செடியில் சிவப்பு. நல்ல செடியிலும் சிவப்பு. கடைசி வரிசை வரைக்கும் சிவப்பு.

பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நானா?”

“பின்னே, நானா?”

“வாயால சொல்லியிருக்கலாமேம்மா.”

“மூணு தடவை சொன்னேன். நீ செடியைக் கொஞ்சிக்கிட்டிருந்தே.”

“இப்ப என்ன மருந்து அடிக்கட்டும்?”

“வைரஸுக்கு ஏது மருந்து? நோய்ச்செடியைப் பிடுங்கி எரி. சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. அப்புறம் நல்லதுகிட்ட போ.”

“பூ விட்டிருக்கும்மா...”

முதல் செடியை அம்மையாரே பிடுங்கினார்.

மீதி முப்பத்தாறையும் அவன் பிடுங்கினான். அழுதுகொண்டேதான்.

பிறகும் ஒன்பது செடியில் நோய் தலைகாட்டியது. அவற்றைப் பிடுங்கும்போது அழவில்லை. கையை மட்டும் கழுவினான்.

இரண்டு மாதம் கழித்து மடத்தில் தக்காளி ரசம் கொதித்தது. பழக்கூடையோடு வந்து அம்மையார் காலில் விழுந்தான்.

“நீங்க இல்லேன்னா நான் ஊருக்கு மூட்டை கட்டியிருப்பேம்மா. இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை.”

“என்கிட்ட சொல்றது இருக்கட்டும். நாற்பத்தாறு செடி போச்சே. அதுங்ககிட்ட சொன்னியா?”

காத்தமுத்து கூடையை இறக்கிவைத்தான். செடிகளை எரித்த குழியை நோக்கி நடந்தான்.