மூன்று வெற்றுத் தட்டுகள்

புதிர் என்றதும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிடாதீர்கள். இது எண்ணித் தீர்க்கிற புதிர் இல்லை. எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனதுதான் இதில் வந்த வம்பு.

ஓசூரில் ஒரு சோதனைக்கூடம். புது ரசாயனங்கள் உயிரணுவின் மரபை மாற்றிக் கெடுக்குமா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். ஜெசிந்தாவுக்கு அங்கே செல் வளர்க்கும் வேலை. எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளெலியின் செல்கள் அவை. எலி போய்விட்டது, செல்கள் மட்டும் தட்டில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தூசி ஆகாத அந்த அறையில் பேச்சும் ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு நாள் முழுக்க அவற்றுக்கு இரை மாற்றிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் விடுதி அறைக்குத் திரும்பினால் அங்கும் அவள் ஒருத்திதான். தனிமை பழகிவிடும் என்பார்கள். அவளுக்குப் பழகவில்லை.

அப்பா அம்மா இல்லை. அவளுக்கென்று இருந்தது தூத்துக்குடியில் தங்கை அமலி மட்டும்தான். அமலிக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நிற்பது நீதான் என்று, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். அமலியின் கணவன் கப்பலுக்குத் திரும்புவதற்குள் நடத்த வேண்டும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள்.

"வந்துருவேல்லா, அக்கா?"

"நான் வராம எம்பிள்ளைய வேற யாரு தூக்குவா?" என்று வாக்குக் கொடுத்தாள் ஜெசிந்தா.

அந்தச் சமயம் பார்த்துக் குழந்தைகள் உடுப்புக்கான ஒரு சிவப்புச் சாயம் சோதனைக்கு வந்தது. முறை இதுதான். மூன்று தட்டுகளில் செல்கள். முதல் தட்டுக்கு வெறும் நீர். நடுத்தட்டுக்கு, மரபைக் கெடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ரசாயனம். மூன்றாவதற்குச் சாயம். பிறகு ஒரு வாரம் செல்களை அவற்றின் பாட்டுக்கு வளரவிட வேண்டும். அதன்பின் ஒரு நஞ்சை ஊற்றுவார்கள். நல்ல செல் அந்த நஞ்சைத் தின்று சாகும். கெட்டு மாறிய செல்லுக்கு அதைத் தின்னத் தெரியாது. அது பிழைத்துப் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். புள்ளி மிகுந்தால் பொருள் பொல்லாதது.

ஜெசிந்தா திங்களன்று தொடங்கினாள். கூட வேலை பார்க்கும் தணிகைவேலுக்கு அவளுடைய ஊர்ப்பயணம் தெரியும். நல்ல மனுஷன், நல்ல மனுஷர்களின் உபகாரம்தான் சில சமயம் உபத்திரவமாக முடியும். அவளைக் கேட்காமல் புதன்கிழமையே நஞ்சை ஊற்றிவிட்டு, "சீக்கிரம் முடிஞ்சா நீங்க நிம்மதியாக் கிளம்பலாம்ல" என்றான். அவளுக்குத் திக்கென்றது. ஆனால் திட்ட மனம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

சில நாள் கழித்துத் தட்டுகளை எடுத்தாள். மூன்றும் சுத்தம். ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை.

மேலாளர் வரதராஜுலுவுக்குப் பரம திருப்தி. "அப்புறம் என்னம்மா, சாயம் நல்லது. கையெழுத்துப் போட்டுட்டு ரயிலேறு."

பேனாவைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "மறுபடி செய்யணும் சார்."

"செய்யறதுன்னா இன்னைக்கே ஆரம்பி. முடியறவரைக்கும் லீவு கேக்காதே."

தட்டுகளை விட்டு வர முடியாது என்று அமலியிடம் போனில் சொன்னாள்.  அமலி, "செத்த எலியோட செல்லு ஒனக்கு எம்பிள்ளையவிடப் பெரிசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு, கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றவள் அமலியின் நாத்தனார். அதே வேளையில் ஜெசிந்தா இரை மாற்றிக்கொண்டிருந்தாள். கையுறை போட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது. துடைக்க வேறு ஆளும் இல்லை. முகமூடி நனைந்தது.

இந்த முறை ஒரு வாரம் முழுசாகக் காத்திருந்து நஞ்சை ஊற்றினாள். நடுத்தட்டில் அம்மை போட்டதுபோல் புள்ளிகள். நீர்த்தட்டில் தானாகவே மாறியவை அங்கொன்றும் இங்கொன்றும். சாயத்தட்டிலும் அதே அளவுதான். சாயத்தில் குற்றமில்லை.

"இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சிரித்தார் மேலாளர். முடிவை எழுதி அனுப்பியதற்கு, "அப்போ நீ வந்திருக்கலாம்லா" என்று ஒரு வரி அனுப்பியதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள் அமலி.

அன்று சொன்னதும் கடைசியில் வந்ததும் ஒன்றேதான். அப்படியானால் மேலாளர் சொன்னது சரியா? வாக்கை முறித்துக்கொண்டு ஜெசிந்தா செய்தது சரியா?

விடை: ஜெசிந்தா செய்ததே சரி. முதல் முறை நடுத்தட்டும் சுத்தமாக இருந்ததைக் கவனித்தீர்களா? அதில் புள்ளி வந்தே தீர வேண்டும். மரபு மாறிய செல்லிலும் நஞ்சைத் தின்னும் பழைய சரக்கு சில நாள் மிச்சமிருக்கும். அது தீரத்தான் அந்த ஒரு வாரம். அவசரத்தில் நஞ்சை ஊற்றியதால் நல்லதோடு கெட்டதும் செத்துப்போயிற்று. தெரிந்த திருடனையே பிடிக்காத காவல்காரன், இன்னொருவனைக் காட்டி "இவன் யோக்கியன்" என்றால் யார் நம்புவது? மேலாளரின் வாக்கு பலித்தது, அவ்வளவுதான். அவர் அறிந்து சொன்னதல்ல. ஜெசிந்தா அறிந்துகொண்டாள். அந்தச் சாயம் தோய்த்த சிவப்புக் கவுன் ஒன்றை வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறாள். பிள்ளைகள் கழுத்துப்பட்டியை வாயில் வைத்துச் சப்பும். சப்பட்டும் என்று தைரியமாக அனுப்ப அவளால் முடிந்தது. பார்சல் கிடைத்ததா என்று இன்னும் தகவல் இல்லை.